வந்தவர்கள் ஏன் திரும்பிப் போனார்கள்?

ஒரு இணையத்தளத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தில் நின்றார்கள், எங்கே வைத்துத் திரும்பிப் போனார்கள் என்று பார்த்துச் சொல்வது என் தொழில். கிளிநொச்சியில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, வருகிறவர்கள் இருக்க ஒரு கதிரை. கலியாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பிவிடுவேன். இதே தொழிலில் மாட்டுப்பட்டிருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மண்டபத்துக்கு வந்த கூட்டம்

ஓமந்தையில் கலியாண மண்டபம் வைத்திருக்கும் செல்வராசா அண்ணர் ஒருநாள் கோபத்தோடு வந்தார். அவருடைய தளத்துக்கு நாளுக்கு நாள் ஆட்கள் கூடுகிறார்கள், ஆனால் மண்டபம் கேட்டு ஒரு அழைப்பும் இல்லை. "சனம் என்ன, விடுப்பு வேடிக்கை பாக்கவோ வருது?" என்றார்.

வருகைகளை ஊர்வாரியாகவும் கைபேசி வகைப்படியும் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஓமந்தை இருக்கிற அதே வவுனியாப் பக்கத்திலிருந்து. ஒரே வகைக் கைபேசி. முகப்புப் பக்கத்தை மட்டும் திறந்து மூடியிருந்தது. "அண்ணை, நீங்கள் அடிக்கடி திறந்து பாக்கிறனீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டேன். "ஓம், எத்தினை பேர் வந்திருக்கினமெண்டு பாக்கத் திறக்கிறனான்" என்றார். அவருடைய வருகைகளைக் கணக்கில் சேராமல் செய்தேன். திரையில் வருகையைக் காட்டும் கோடு சரிந்து விழுந்தது. அண்ணர் கேட்டார்: "அப்ப இவ்வளவு நாளும் என்ர மண்டபத்துக்கு நான்தானோ கூட்டம்?"

பொன்னாடைப் படம்

மிஞ்சியவர்கள் அசல் ஆட்கள். கனடா, லண்டன், சுவிஸ் என்று இருந்துகொண்டு, ஊரில் வந்து பிள்ளைக்குக் கலியாணம் செய்ய நினைப்பவர்கள். மண்டபத்தின் படங்களை ஆறுதலாகப் பார்த்து, தொடர்புப் பக்கம் வரை வந்து, அங்கிருந்து போய்விட்டார்கள். கணினியில் அந்தப் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அநேகமாக எல்லாரும் கைபேசியில் வந்தவர்கள். அவர்களைத் தனியாகப் பிரித்தபோதுதான், ஒருவர்கூட அழைப்புப் பொத்தானை அமத்தவில்லை என்று தெரிந்தது. என் கைபேசியில் திறந்து பார்த்தேன். திரை முழுக்க, பொன்னாடை போர்த்தபடி அண்ணர். பொத்தான் அந்தப் படத்துக்கு அடியில் மறைந்து கிடந்தது.

படத்தை எடுக்க அவருக்கு மனமில்லை. கெஞ்சிக் கூத்தாடி, பொத்தானை மேலே ஏற்றிப் படத்தைக் கீழே இறக்கச் சம்மதம் வாங்கினேன். அடுத்த கிழமையே ரொறன்ரோவிலிருந்து ஒரு தகப்பன் அழைத்து, மகளின் கலியாணத்துக்கு மண்டபத்தைப் பிடித்துவிட்டார். அண்ணர் எனக்குப் போன் எடுத்துக் கத்தினார்: "பிள்ளை, ஆவணி முகூர்த்தம் புக் ஆயிட்டுது! என்ர மூஞ்சிக்குக் கீழதானே அவ்வளவு வியாபாரமும் கிடந்திருக்கு!"

கருவாட்டின் பெயர்

தண்ணீரூற்றில் ஹஸீனா ராத்தா கருவாடு விற்கிறா. இடம்பெயர்ந்து போன குடும்பம், திரும்பி வந்து தொடங்கிய வியாபாரம். கொழும்புக்கும் கண்டிக்கும் அனுப்பலாமென்று தளம் ஒன்று செய்வித்தா. ஓடர் வரவில்லை. "உந்த விளையாட்ட மூடிட்டு, சந்தையில போய் இருங்க" என்று அவாவின் தம்பி நாள்தோறும் நச்சரித்தார்.

தளத்தின் தேடல் பெட்டியில் சனம் என்ன எழுதுகிறது என்பதையும் பதிவாக வைத்தேன். சில நாளில் விசயம் வெளிச்சத்துக்கு வந்தது. தேடியவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாகக் கருவாட்டை எழுதியிருந்தார்கள். தளத்துக்கோ தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். கேட்ட எல்லாருக்கும் "பொருள் இல்லை" என்று பதில் சொல்லியனுப்பியிருக்கிறது. வீட்டில் மூட்டை மூட்டையாகக் கருவாடு!

எழுதக்கூடிய அத்தனை விதத்தையும் சேர்த்துவிட்டேன். ஓடர்கள் வரத் தொடங்கின. சந்தைக்குப் போகச் சொன்ன தம்பி, இப்போது பொதி கட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார். ராத்தா சிரித்துக்கொண்டு சொன்னா: "இனி எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் எங்கட கருவாடு 'ஓம்' எண்டு சொல்லும், புள்ள."

வயல் எங்கே கிடக்கிறது

கண்டாவளையில் கமக்காரர் சங்கமொன்று நெல் வெட்டும் மிஷின் வாங்கி, இணையத்தில் பதிவுசெய்ய வசதியும் செய்திருந்தது. பெரும்போக நெல் விளைந்து தலைசாய்ந்து நிற்கிறது, வானம் இருட்டுகிறது, மிஷின் மட்டும் சும்மா நிற்கிறது. பதிவு இல்லையென்றால் வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று நிர்வாகத்தினர் என்னிடம் வந்து சொன்னார்கள்.

ஒருநாள் பொறுங்கோ என்றேன். பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் எத்தனை பேர் தாண்டுகிறார்கள் என்று கவனித்தேன். பெயரை எழுதினார்கள், ஊரை எழுதினார்கள், மின்னஞ்சல் முகவரி கேட்ட கட்டத்தில் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வழியில்லை. அந்தக் கட்டத்தைத் தூக்கிவிட்டு, தொலைபேசி இலக்கம் மட்டும் போதும் என்று மாற்றினேன். அன்று பின்னேரமே பதிவுகள் குவிந்தன. மிஷின் வயலுக்குள் இறங்கியது. மழை கொட்டியபோது பதிந்தவர்களின் நெல் மூட்டைக்குள் இருந்தது.

முதலில் வெட்டியது தவமணி அக்காவின் வயல். அவா பலதரம் பதியப் பார்த்துக் கைவிட்டவா. நனையாத மூட்டையொன்றில் தட்டிக்கொண்டு என்னைக் கேட்டா: "நெல்லு வெட்ட ஈமெயில் எதுக்குத் தங்கச்சி? என்ர வயல் என்ன, கொம்பியூட்டருக்குள்ளயோ கிடக்கு?"

வந்தவர்களை எண்ண ஒரு கருவி போதும், ஆனால் அவர்கள் ஏன் திரும்பிப் போனார்கள் என்பதை முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்ல, என்னைப்போலக் கொஞ்சம் வெட்கம்கெட்ட ஒருத்தி தேவைப்படுகிறாள்.