சும்மா இருக்க விசா இல்லை

என் கட்டிலுக்கு அடியில் பச்சை வண்ணம் உரிந்த ஒரு தகரப் பெட்டி கிடக்கிறது. அது திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரம்மாவுடையது. நான் அப்போது ஜட்கா வண்டி ஓட்டினேன். வண்டியில் அறிவுள்ள ஜீவன் ஒன்றுதான் உண்டு. அதற்குத்தான் தினமும் கொள்ளு வைப்பேன்.

அவர் நாட்டுக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் விசா தேவைப்படவில்லை. வந்தவர் வருஷக்கணக்காக இருந்துவிட்டார். தெருவில் பேசிப் பழகியே எங்களைப் போலத் தமிழ் பேசுவார், படிக்கத்தான் தெரியாது. எண்பதுகளின் நடுவில் சட்டம் மாறியது. விசா வாங்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அன்றைக்கே கம்பளித் துணிகளை மடித்து அந்தப் பெட்டியில் வைத்துவிட்டார். போய் இறங்கினால் அங்கே அவரை அழைத்துப்போக ஓர் ஆள் கிடையாது.

எங்களுக்கு அப்போது ஜில்லாத் தலைநகர் வேலூர்தான். விசா கேட்க அங்கேதான் போக வேண்டும்; துணைக்கு நானும் பஸ் ஏறினேன். அதிகாரி கேட்டார்: "எதுக்கும்மா இங்க இருக்கணும்?"

"மலையப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கணுங்க."

"சும்மா இருக்கறதுக்கு விசா இல்லீங்களே! டூரிஸ்ட்டுன்னா மாசக்கணக்குதான், திரும்பிப் போயிடணும். படிக்க வந்தேன்னா வருஷா வருஷம் நீட்டிக்கலாம். இல்ல, இந்த ஊர்க்காரர் யாரையாவது கட்டிக்கிட்டா…"

நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அதிகாரி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். அந்த வழி அத்தோடு அடைபட்டது.

திரும்பியதும் டீக்கடையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். "தமிழ் படிக்கிறேன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா. எவன் வந்து பார்க்கப் போறான்?"

வெள்ளைக்காரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "படிக்கிறேன்னு சொன்னா படிக்கணும்."

சொன்னபடி டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சேர்ந்தார். நரைத்த தலையோடு பொடிப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே வண்டியோடு நிற்பேன். திரும்பும்போது வழியில் உள்ள கடைப் பலகைகளையெல்லாம் உரக்கப் படிப்பார். "வண்டிக்காரரே, இது சரியா?" என்பார். "எனக்கு எங்கம்மா தெரியும், குதிரையைக் கேளுங்க" என்பேன். அவர் சிரிக்க மாட்டார். வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்த எழுத்தைக் காற்றில் எழுதிக் காட்டுவார். ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்துச் சுவர் ஏறிக் குதித்து ஓடியவன் நான். தேங்காய்க் கடைப் பலகையிலும் சைக்கிள் கடைப் பலகையிலும் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் நீட்டிக்கப் போனபோது அதிகாரிக்குச் சந்தேகம். இந்த வயசில் யாராவது படிப்பார்களா? மேஜை மேல் கிடந்த செய்தித்தாளை நீட்டினார். "படிங்க பார்க்கலாம்."

அம்மா தாளை வாங்கினார். "குடிநீர்ப்…" என்று தொடங்கி அடுத்த சொல்லில் நின்றுவிட்டார். எனக்கு அந்தப் பச்சைப் பெட்டிதான் கண்ணுக்குள் வந்தது. எட்டிப் பார்த்தேன். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது: "பற்றாக்குறை!"

"யோவ், நீ யாருய்யா?"

"வண்டிக்காரன் சார். இந்தம்மா படிச்சது கொஞ்சம் எம்மேலயும் தெறிச்சிடுச்சு."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீ வாய மூடு. நீங்க மீதியப் படிங்கம்மா" என்றார். அம்மா தட்டுத் தடுமாறி அந்தச் செய்தியை முழுக்கப் படித்து முடித்தார். முத்திரை விழுந்தது.

ஊர் திரும்பியதும் பெட்டியைக் காலி செய்தார். கம்பளி எல்லாம் என் குதிரைக்கு. அந்த மார்கழியில் கம்பளிச் சட்டையோடு கிரிவலப் பாதையில் திரிந்த ஒரே குதிரை அதுதான். பெட்டி எனக்கு வந்தது. அம்மா கடைசிவரை இங்கேயே இருந்தார்.

அதிகாரி செய்தித்தாளை நீட்டாமல் விட்டிருந்தால், பொய் சொல்லியே அவருக்கு அந்த முத்திரை கிடைத்திருக்கலாம். எனக்குத்தான் எழுத்து கிடைத்திருக்காது. இதை எழுதும்போது அதுதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது என் பேத்தி வெளிநாடு போகிறாள். படிக்கிற விசாவா, வேலை விசாவா என்று வீட்டில் ஒரே பேச்சு. பச்சைப் பெட்டியை இழுத்துப்போட்டுக் காட்டினேன். "தாத்தா, இதை ஏரோப்ளேன்ல ஏத்தவே மாட்டாங்க" என்றாள். "பெட்டிய விடு. படிக்கப் போறேன்னு எழுதினா, போய்ப் படி" என்றேன்.

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். நான் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் சும்மாதான் இருக்கிறேன். என்னை யாரும் இதுவரை விசா கேட்டதில்லை.