என் மனைவி பிரெஞ்சில் சிரித்தாள்

நியூ ஜெர்சியில் நான் வேலை பார்த்த டென்னிஸ் கிளப்பில் பச்சை மண் கோர்ட்டுகள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பெரிய வலையை இழுத்து மண்ணைச் சமப்படுத்த வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், வெள்ளைக் கோடுகளைப் பெருக்கித் துலக்க வேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மனைவி நர்ஸ். அவளுடைய விசாவில்தான் நானும் அமெரிக்கா வந்தேன். எனக்குக் கார் ஓட்ட வராது. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அவள்தான் வந்து என்னைக் கூட்டிப்போவாள்.

தொண்ணூற்றாறு கோடையில் கிளப்புக்குப் புதுக் கோச் ஒருவர் வந்தார். பிரெஞ்சுக்காரர். உலகமெல்லாம் சுற்றி ஆடியவர், முழங்கால் கெட்டு ஓய்வு பெற்றவர். வந்த வாரத்திலேயே ஒரு நாள், பந்து வலையில் பட்டு அவர் பக்கமே விழ, மட்டையைத் தரையில் தட்டி அவர் பாஷையில் ஏதோ திட்டினார். வேலிக்கு வெளியே எனக்காகக் காத்திருந்த என் மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் பிரெஞ்சிலேயே ஏதோ சொன்னாள். அவர் வலையைச் சுற்றிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடிவந்தார்.

அவள் புதுச்சேரிக்காரி. என் தாய்மாமன் மகள். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்தவர், மகளைப் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்க வைத்தார். கடலூர்ப் பக்கம் பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்த எனக்கு அவளைக் கொடுத்தது சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பிரெஞ்சு பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டில் அப்படி ஒரு அறை இருக்கிறது, அது பூட்டியிருக்கிறது என்பதையே மறந்துபோயிருந்தேன்.

அதன்பிறகு அவள் சீக்கிரமே வர ஆரம்பித்தாள். நான் கடைசிக் கோர்ட்டைப் பெருக்கி முடிக்கும்வரை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். சாமான்கள் வைக்கும் கொட்டகைக்குச் சாய்வான மரப்பலகைகள் வைத்த ஜன்னல் ஒன்று உண்டு. துடைப்பத்தை மாட்டப் போகிறவன் அங்கேயே நின்றுவிடுவேன். பலகை இடுக்கில் அவள் முகம் துண்டு துண்டாகத் தெரியும். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். அமெரிக்கா வந்த நாலு வருஷத்தில் இந்தச் சிரிப்பு என் பக்கம் வந்ததில்லை. வீட்டில் அவள் சோர்ந்து வருவாள், சாப்பிடுவாள், படுப்பாள். அந்தச் சிரிப்பு எதற்காக என்று தெரிந்தால் போதும் எனக்கு. நேரில் அந்த மனிதரை 'சார்' என்பேன். ஜன்னலுக்குப் பின்னால் 'அவன்'.

காரில் ஏறியதும் கேட்பேன். "என்ன சொன்னாரு?"

"அவரோட கேரியர் பத்திதான். சின்ன வயசுல பெரிய ஸ்டார் ஆவாருன்னு எல்லாரும் சொன்னாங்களாம்."

"ஆனாரா?"

"பாரிஸ்ல ஒரு மேட்ச். பெரிய ஆளோட. ரெண்டு செட் இவர் ஜெயிச்சாச்சு. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தா மேட்சே இவருக்கு. பந்து வலை மேல பட்டு இந்தப் பக்கமே விழுந்துடுச்சாம்."

"அப்புறம்?"

"தோத்துட்டாரு."

அன்று இரவுச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது. அதிலிருந்து அவர் தோற்ற கதைகளையே கேட்டு வாங்கினேன். மழையில் நின்றுபோய் மறுநாள் கைவிட்டுப்போன ஆட்டம், முதல் சுற்றிலேயே வெளியேறிய ஊர்கள், முழங்கால் ஆபரேஷன், பிறகு ஒற்றையர் ஆட்டத்தை விட்டு இரட்டையருக்குப் போனது. "ஜெயிச்சதைக் கேக்கவே மாட்டியா மாமா?" என்றாள் ஒரு நாள். "அது பேப்பர்லயே வந்திருக்குமே," என்றேன். பேப்பர் படிக்காதவன் நான் என்பது அவளுக்குத் தெரியும்.

இன்னொரு நாள், கோர்ட் மண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததாம். இதெல்லாம் மண்ணே இல்லை, எங்கள் ஊர் மண் சிவப்பு என்று அவர் அலுத்துக்கொண்டாராம். "எங்க மாமா ஊரு மண்ணும் செவப்புதான்னு சொன்னேன்," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் ஊர் மண்ணையும் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

இலையுதிரத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், பெஞ்சில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். கொட்டகையில் என் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

பார்க்வே நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அப்படி என்ன சொன்னான்?"

'சொன்னான்' என்பதை அவள் கவனித்தாள். ஆனாலும் பதில் சொன்னாள்.

"அவருக்கு ஒரு ஃபிரெண்டு மாமா. சின்னதுலேர்ந்து ஒண்ணா ப்ராக்டீஸ் பண்ணவங்க. அந்த ஆளு பெரிய கப் எல்லாம் ஜெயிச்சிட்டாராம். அவர் ஆடுற மேட்ச் டிவில வந்தா இவர் சவுண்ட மியூட் பண்ணிட்டுத்தான் பாப்பாராம். கைதட்டுற சத்தம் கேக்கக் கூடாதுன்னு. ஃபைனல் அன்னிக்கு மியூட் பண்ணிட்டாரு, ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க கைதட்டுறது சுவத்துல கேக்குதாம். எழுந்துபோய் பாத்ரூம்ல ஷவரைத் திறந்துவிட்டு நின்னாராம், டிரஸ்ஸோட!"

சொல்லும்போதே மறுபடி சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கு வரவில்லை. பொறாமைக்காரன் ஒருவன் பிரெஞ்சில் சொன்னால் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். அதே பொறாமையைப் பக்கத்து சீட்டில் இவ்வளவு நாளாக உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போகிறாள், ஒரு புன்னகை இல்லை.

அவள் சிரித்து முடித்ததும் கேட்டேன். "பொறாமைக்கு உங்க பாஷையில என்ன?"

"ழலூசி."

"என்னது?"

"ழலூசி. ஜன்னலுக்கும் அதான் பேரு."

"எந்த ஜன்னலுக்கு?"

"சாய்வா பலகை வெச்சிருக்கும் பாரு. உள்ளேர்ந்து பாக்கலாம், வெளியில தெரியாது. பாண்டில வெள்ளைக்காரன் வீதி வீட்டுல எல்லாம் இருக்கும்." முன்னால் நின்ற லாரியையே பார்த்தபடி சொன்னாள். "உங்க கிளப்புலயும் ஒண்ணு இருக்கு. துடைப்பம் மாட்டுற ரூம்ல."

என் காது சூடாகிவிட்டது. கதவைத் திறந்து இறங்கிப் போகக்கூட முடியாது, நடு ரோடு. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். பெஞ்சில் சிரித்த அதே சிரிப்பு, அதைவிடச் சத்தமாக. பின்னாலிருந்தவன் ஹாரன் அடிக்கிறான். "அய்யோ மாமா, மூஞ்சியப் பாரு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கியரைப் போட்டாள்.

நான் ஏங்கிய அந்தச் சிரிப்பு கடைசியில் என் பக்கம் வந்துவிட்டது. அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் வீடு போய்ச் சேர்ந்தேன். படுத்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. பெஞ்சில் அவள் எப்போதும் அவன் பக்கம் திரும்பித்தான் உட்காருவாள், எனக்குத் தெரிந்தது அவளுடைய பக்கவாட்டு முகம்தான். ஜன்னலுக்கு நேராக முகம் வைத்து உட்காருகிறவன் அவன்.

அப்படியானால் நான் அங்கே நிற்பதை முதலில் பார்த்தது யார்? ழலூசி என்ற அந்த வார்த்தை அன்று பெஞ்சிலும் வந்திருந்தால், யார் யாருக்குச் சொன்னது? அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது ஷவரில் நின்றவனை நினைத்தா, துடைப்பத்தோடு நின்றவனை நினைத்தா?

இரண்டாயிரத்தில் அவர் கலிபோர்னியாவில் வேறு கிளப்புக்குப் போய்விட்டார். என்னிடம் கை குலுக்கித்தான் விடைபெற்றார். அவளிடம் நான் இன்னும் அதைக் கேட்கவில்லை.