கழுத்துச் சொடக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் பக்கத்து வீட்டுக்காரர் கிளாரன்ஸ், ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, வெடுக்கென்று திருப்பவே கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இங்கே முடிவெட்டும் கடைகளிலோ, வெட்டி முடித்ததும் கேட்காமலே கழுத்தில் சொடக்கு எடுப்பார்கள். வேண்டாமென்று சொல்லக் கூச்சப்பட்டே மூன்று வருடமாக வீட்டில் தானே வெட்டிக்கொண்டார்.

மகள் நடாலியின் கல்யாணத்துக்கு முந்தின நாள், வெட்டிக்கொண்டிருக்கும்போதே மெஷினில் மாட்டியிருந்த சீப்பு கழன்று, பின்மண்டையில் வழுக்கைக் கோடு விழுந்தது. பயந்துபோய் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

"என்ன அங்கிள், எலி மேஞ்சிருச்சா?" என்று சிரித்தபடி கடைக்காரர் சரிசெய்தார். பிறகு அவர் கைகள் கிளாரன்ஸின் தாடையைப் பிடித்தன.

"லூசா விடுங்க அங்கிள்."

கிளாரன்ஸ் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"வேணாம் லா!" மூன்று வருடமாகச் சொல்லாததைக் கிளாரன்ஸ் கத்தியே விட்டார்.

கடையே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் சட்டென்று கையை எடுத்தார்.

"சரி அங்கிள், விட்டுட்டேன். அதுக்கு ஏன் அழறீங்க?"