சொந்த ஊர் கேட்ட மெஷின்

ஸ்டேஷனில் பொய்யைக் கண்டுபிடிப்பது இன்ஸ்பெக்டர் வேலை, அதை நல்ல தமிழில் எழுதுவது ரைட்டர் வேலை, நான் ரைட்டர். கொடைக்கானல் மலைக்கு செல்போன் ஏறிய காலத்தில், குரலைக் கேட்டே மனசைப் படிக்கும் லேப்டாப் ஒன்றை எங்களுக்கு அனுப்பி, சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். மேலிடம் கொடுத்த மெஷினோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் பாடு புரியும்.

நடுக்கம்

அது மார்கழி. எங்கள் லாக்கப்பில் கைதிகள் பல் தந்தியடித்த சத்தத்தைக் கேட்டு, நான்தான் டைப் அடிக்கிறேன் என்று டி.எஸ்.பி. பாராட்டிவிட்டுப் போன குளிர். மெஷினுக்கோ நடுங்கும் குரலெல்லாம் பயந்த குரல். இன்ஸ்பெக்டர் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தார். 'பயம். மறைக்கிறார்' என்று சிவப்பில் வந்தது. ஏட்டு பெருமாள் பவ்யமாகக் கேட்டார்: "பேரையே மறைக்கிறீங்களாம். எஃப்.ஐ.ஆர். போட்டுரவாங்கய்யா?"

பூண்டு

பூம்பாறையில் ஒரு கிட்டங்கியில் ஆறு மூட்டை பூண்டு காணாமல் போனது. அங்கே காவலுக்கு இருந்த மாரிமுத்துவைப் பிடித்து வந்தார்கள். இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். மெஷின் பொய் என்று சொன்னால் சாயங்காலமே ஜெயில் என்றார் இன்ஸ்பெக்டர். குளிர் குழப்பக்கூடாதென்று கரியடுப்பு மூட்டி அறையைச் சூடாக்கினோம். கிட்டங்கி முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்: "வெரசா மெஷினைப் போடுங்க, பஸ்ஸு போயிரும்."

மூன்று ஊர்

முதலில் பொய் சொல்ல வழியே இல்லாத கேள்விகள் கேட்டு, உண்மைக் குரலை அளந்துகொள்ள வேண்டுமாம். மாரிமுத்து பெயர் சொன்னார், பச்சை. சொந்த ஊர்? "கண்டிங்க." சிவப்பு. இன்ஸ்பெக்டர் முறைத்தார். "இப்ப பூம்பாறைங்க." சிவப்பு. "தாத்தாவுக்குத் துறையூருங்க." அதற்கும் சிவப்பு. மூன்று ஊரும் அவர் கொண்டுவந்த தாயகம் திரும்பியோர் அட்டை, ரேஷன் கார்டு காகிதங்களில் முத்திரையோடு இருந்தன.

ரிமாண்ட் ரிப்போர்ட்டில் ஊருக்கு ஒரு கட்டம் உண்டு. "மூணும் பொய்னு மெஷின் சொல்லுது. எதைங்கய்யா எழுத?" என்றேன். இன்ஸ்பெக்டர் காகிதங்களையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு, கிட்டங்கிச் சாவி யார் யாரிடம் இருக்கிறதென்று விசாரிக்க ஏட்டை அனுப்பினார். மாரிமுத்துவை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எது சொந்த ஊருன்னு எங்களுக்கே நிச்சயமாத் தெரியாதுங்க தொரை. அது எப்படிக் கண்டுபுடிச்சிச்சு?"

மறுவாரம் மெஷினைக் கீழே அனுப்பிவிட்டார்கள். அது கண்டுபிடித்த ஒரே உண்மைக்கு நம் சட்டத்தில் செக்‌ஷன் இல்லை.