சிவப்பு வெளுத்த படம்

முதல் அறிகுறியை நான் இயக்குநரின் தவறு என்று நினைத்தேன்.

எனக்குப் பிடித்த பழைய மாயக்கதை நாவல் ஒன்று. மலைக்கணவாயைக் காக்க ஒரு பெண் சிவப்பு மேலங்கியோடு தனியே போவாள், திரும்பி வரமாட்டாள். அதன் திரைப்படம் தமிழ்க் குரலில் தொலைக்காட்சியில் ஓடியது. திருநின்றவூர் வீட்டில், இடக்கண் தலையணையில் புதைய ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அங்கிய செங்கல்பொடி மாதிரி ஆக்கிட்டாங்கம்மா. புக்குல ரத்தச் சிவப்பு.”

“செக்கச்செவேல்னுதான கீது?” என்றாள் அம்மா. “புக்கு படிச்சவளுக்கு எதுவும் புடிக்காது.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையில், நாவலைப் படமாக்கிய எவரையும் சும்மா விட்டதில்லை. அன்றும் பாதியிலேயே எழுந்து போய்விட்டேன்.

இரண்டு நாளில் வலக்கண்ணை அசைத்தாலே வலித்தது. பார்வையின் நடுவில் புகை படர்ந்தது. கண் மருத்துவர் மருந்துப் புட்டியின் சிவப்பு மூடி ஒன்றைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். இடக்கண்ணுக்குச் சிவப்பு. வலக்கண்ணுக்குச் செங்கல்பொடி. இயக்குநரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

ஆப்டிக் நியூரைட்டிஸ் (கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பில் ஏற்படும் அழற்சி) என்றார்.

“பழையபடி படிப்பேனா டாக்டர்?”

“நிறைய பேருக்குப் பார்வை திரும்புது. உங்களுக்கு எவ்வளவு திரும்பும்னு இப்பவே சொல்ல முடியாதும்மா.”

மருத்துவமனையில் மூன்று நாள் ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து) ஏற்றினார்கள். வரியோடு இரு கண்ணும் சேர்ந்து நகரும்போதெல்லாம் வலக்கண் வலித்ததால், நல்ல கண்ணாலும் படிக்க முடியவில்லை.

அம்மா அம்பத்தூர் தையல் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். நான் விட்டுப்போன மீதிப் படத்தைச் சொன்னாள்.

“பனியில போய்கினே கீறா. காலெல்லாம் வெடிச்சுப் போச்சு. ஒரு வாய் சோறு குடுக்க ஆளில்ல, பாவம்.”

நாவலில் சோறே கிடையாது. நான் திருத்தவில்லை.

“அப்புறம் ஊட்டுக்கு வந்துட்டா. அவங்கம்மா வெந்நீர் வச்சுக் குளிப்பாட்டுச்சு.”

முடிவையே மாற்றிவிட்டார்களே என்று இயக்குநர்மேல் கோபம் வந்தது. ஆனாலும் அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

வலி முதலில் போனது. புகை மெல்ல விலகியது. ஆறாவது வாரம் வலக்கண்ணால் மட்டும் ஒரு முழுப் பக்கம் படித்தேன். மறுபடி படத்தைப் போட்டு, இருவரும் கடைசிவரை பார்த்தோம். பனி கணவாயை மூடியது. நாவலில் உள்ளபடியே அவள் திரும்பவில்லை.

அம்மாவைப் பார்த்தேன்.

“இன்னா மொறைக்கிற? அன்னிக்கி நீ அப்பிடிப் படுத்துகினு இருந்தே. அவளையும் சாவடிக்கச் சொல்றியா?”

இயக்குநரிடம் மனதுக்குள் இரண்டாம் முறை மன்னிப்புக் கேட்டேன்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களே, நிறம் வெளுத்தால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். என் வலக்கண்ணில் சிவப்பு இன்னும் கொஞ்சம் குறைவுதான். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது அவள் நெற்றிக் குங்குமத்தில் தினமும் சோதித்துக்கொள்கிறேன்.

ஒரு பக்கம் படிக்க முன்னைவிட நேரமாகிறது. அவசரமில்லை. அந்த நாவலின் கடைசி வரி முடிந்த பிறகும் புத்தகத்தை உடனே மூடுவதில்லை. அந்தப் பெண் வீடு வந்து சேர, வெந்நீர் காயக் கொஞ்ச நேரம் வேண்டும்.