பொழுது சாய்வதற்குள் ஒரு மாத்திரை

ஹேமலதாவைப் பற்றிச் சொல்வதானால் அவர் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அவரே எல்லாரிடமும் அங்கிருந்துதான் தொடங்குவார், சிரித்துக்கொண்டே.

ஆரணியில் பட்டுத் தறி வைத்திருந்த ஜெகநாதனின் மகள் அவர். மருத்துவம் முடித்து, மயக்க மருந்து கொடுக்கும் படிப்பையும் முடித்து, எட்டு ஆண்டுகள் ஆபரேஷன் தியேட்டர்களில் ஆட்களைத் தூங்க வைத்தார். 1999இல் கேரளத்துக்குப் போய் ஆறு வாரம் வலி தணிப்பு மருத்துவம் படித்தார்.

"பொழைக்க வைக்கத்தான் டாக்டரு. பொழைக்காதவங்களுக்கு இன்னாத்துக்கும்மா தனியா ஒரு படிப்பு?" என்று ஜெகநாதன் கேட்டார்.

"அவங்களுக்கும் தினம் பொழுது விடியுதேப்பா" என்றார் மகள்.

பயிற்சியின் முதல் வாரத்தில் மருந்தின் பெயரே அடிபடவில்லை. கட்டிலருகே நாற்காலி போட்டு உட்காரக் கற்றுக்கொடுத்தார்கள். கேள்வி கேட்டால், பதில் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். ஹேமலதாவுக்கு அதுதான் வரவில்லை. கேள்வியையும் கேட்டு, பதிலையும் தானே சொல்லிவிடுவார்.

ஊர் திரும்பியபின், மார்பின் என்னும், அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள வலி மாத்திரையை வைத்துக்கொள்ளும் அனுமதிக்காக ஓராண்டுக்கு மேல் அலைந்தார். அது கிடைத்ததும் நர்ஸ் சாவித்திரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகத் தொடங்கினார்.

2001 மார்கழியில் அப்படிப் போன வீடுகளில் ஒன்று, வந்தவாசி சாலையில் ஒரு சமணக் கிராமத்தில், சமணர்களை அழைக்கும் வழக்கப்படி எல்லாரும் நயினார் என்று கூப்பிடும் ஞானசந்திரனுடையது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் விவசாயி. புற்றுநோய் இடுப்பெலும்புவரை பரவியிருந்தது. நோய் தீராது என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்டது ஒன்றுதான். தை மாதம் மகள் சௌம்யாவுக்கு ஆரணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை மண்டப வாசலில் நின்று, தெளிந்த புத்தியோடு, முகம் சுளிக்காமல் வரவேற்க வேண்டும்.

"நின்னுடுவீங்க" என்றார் ஹேமலதா. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று நேரம் எழுதி மாத்திரை கொடுத்தார்.

நடந்தது வேறு. ராத்திரி முழுக்க வலி. பத்து விரலுக்கு எத்தனை விரல் அளவு வலி என்று காலையில் கேட்டால் எட்டு விரலைக் காட்டினார். ஹேமலதா அளவைக் கூட்டினார். ராத்திரி வலி குறையவில்லை; பகலில் மட்டும் ஞானசந்திரன் தூங்கி விழுந்தார்.

"பேஜாராப் போச்சும்மா. மாப்ள வூட்டாரு வந்துகினு இருப்பாங்க, நான் வாசல்ல கொறட்ட வுட்டுகினு இருப்பேன்" என்றார் ஞானசந்திரன். கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

வழக்கமாகக் காலையில்தான் அங்கே போவார்கள். ஒரு நாள் வந்தவாசியில் நேரமாகிவிட்டதால், திரும்பும் வழியில் மாலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஞானசந்திரனின் மனைவி சந்திரகாந்தா அவசரமாக இலை போட்டார்.

"மொதல்ல சாப்புடுங்க டாக்டரம்மா. பொழுது எறங்கிகினு இருக்குது. ஜல்தி!"

"எங்க வூட்ல இப்பதாங்க டீயே போடுவாங்க" என்றார் சாவித்திரி.

"நீங்க நட்ட நடு ராத்திரியில தின்றவங்க. நாங்க இருட்டுனா தண்ணி கூட குடிக்க மாட்டோம்."

ஹேமலதாவின் கை இலையில் அப்படியே நின்றது. ஞானசந்திரனைப் பார்த்தார். "சாயங்காலம் மாத்திரை எப்பங்க போடறீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். சாவித்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹேமலதா அவர் முழங்காலை அழுத்தினார். இந்த முறை காத்திருந்தார்.

"சௌம்யா, அந்த ஆர்லிக்ஸ் பாட்டில எடுத்தாம்மா" என்றார் ஞானசந்திரன் கடைசியில். அத்தனை நாளின் மாலை மாத்திரையும் இரவு மாத்திரையும் அதற்குள் இருந்தன.

"ஏங்க சொல்லல?"

"நீங்க எங்கம்மா கேட்டீங்க? ராத்திரி மாத்திரை போட்டீங்களா, போட்டிருப்பீங்கன்னு நீங்களே முடிச்சிட்டீங்க. அவ்ளோ ஆசையா சொல்ற ஆளுகிட்ட இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

"மருந்துதானேங்க, சோறா?" என்றார் சாவித்திரி. "சாமி கோச்சிக்குமா?"

"கோவத்துக்கு இல்லம்மா. ஏழு வயசுல எடுத்துகின விரதம். ஒடம்புல ஒண்ணொண்ணா கழண்டுகினு போவுது. இது ஒண்ணாவது கழலாம இருக்கட்டும்."

விரதத்தை விடும்படி ஹேமலதா கேட்கவில்லை. மெதுவாகக் கரைந்து பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் மார்பின் மாத்திரையைப் பயிற்சியில் பார்த்திருந்தார். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. அது பல ஆண்டுகளாகவே இருந்த மருந்து. ஆரணியில் கிடைக்காததால் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய் வாங்கிவந்தார். எழுதிக்கொடுத்த அளவை விட்டுவிட்டு, ஞானசந்திரன் உண்மையில் விழுங்கிய அளவைக் கொண்டு புதுக் கணக்குப் போட்டார். விடிந்ததும் ஒன்று, பொழுது சாய்வதற்குள் ஒன்று. உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். முதல் ராத்திரியே வலி மூன்று விரலுக்கு இறங்கியது. நான்காம் நாள் பகல் தூக்கமும் தெளிந்தது.

கல்யாணத்தன்று ஞானசந்திரன் மண்டப வாசலில் நின்றார். கையில் ஒரு தடி, தோளில் புதுத் துண்டு. சம்பந்தி வந்து கைகூப்பிய அதே நேரத்தில் சாவித்திரியும் வந்து, தினமும் கேட்கிற பழக்கத்தில் உரக்கக் கேட்டுவிட்டார்: "நயினாரே, காலைல வெளிய போனீங்களா?" மார்பின் சாப்பிடுகிறவரிடம் மலச்சிக்கலைப் பற்றிக் கேட்காத நர்ஸ் கிடையாது.

"போனேன்மா. பத்திரிகையில போட வுட்டுப்போச்சு" என்றார் ஞானசந்திரன். சம்பந்தி சிரித்துத் தடுமாறி இவர் தோளையே பிடித்துக்கொண்டார். இவர் அசையவில்லை.

மாலை விருந்துக்கு ஐந்து மணிக்கே இலை போட்டார்கள். சாப்பிட்டு முடித்த ஞானசந்திரன் சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி வெயிலைப் பார்த்துக்கொண்டார்.

"எத்தன விரலுங்க?" என்று எதிர் வரிசையிலிருந்து ஹேமலதா கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஞானசந்திரன் மாத்திரையை விழுங்கி, அன்றைய கடைசித் தண்ணீரைக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். ஒரு விரலை உயர்த்தினார். சற்று யோசித்து, அதையும் பாதி மடக்கினார்.

"இருட்டப் போவுது டாக்டரம்மா. லட்ட ஜல்தி முடிங்க."