ஆளுக்கு ஓர் அட்டவணை

இணையதளத்தில் ஒரே பட்டியலை, உள்ளே நுழைகிறவர் யார் என்று பார்த்து, ஆளுக்கு ஒரு விதமாகக் காட்டுவதுதான் என் வேலை. ஒருவருக்கு நிறம் மாற்ற வேண்டும், இன்னொருவருக்கு எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், வேறொருவருக்கு மேலிருந்து கீழாக ஓடும் ஒரு பத்தியையே எடுத்துவிட வேண்டும். "சின்ன மாற்றம்தானே" என்ற வார்த்தையைக் கேட்டு வயிறு எரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

எங்கள் அலுவலகம் கரையான்சாவடியில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் இணையதளத்தை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைதோறும் அங்கேயே போய் உட்கார வேண்டும். இவை அந்த இரண்டு வருடத்துக் கதைகள்.

சிவப்பு ஆகாது

தாமதமான ஆர்டர்கள் சிவப்பில் தெரியும்படி செய்திருந்தேன். உற்பத்தி மேலாளர் ரகுநாதன் என்னைக் கூப்பிட்டு, காலையில் திறந்ததும் சிவப்பைப் பார்த்தால் மனசு சரியில்லாமல் போகிறது, தன் லாகினில் மட்டும் அதைப் பச்சையாக்கு என்றார். தாமதத்துக்குப் பச்சை போட்டால் குழப்பம் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் டீம் லீடர் செந்தில், "கேட்டதைப் பண்ணிக் குடுப்பா" என்றார். செய்தேன்.

அடுத்த வாரம் ஒரு வாடிக்கையாளர் நேரில் வந்து, தன் சரக்கு பதினெட்டு நாளாக வரவில்லை என்று கத்தினார். ரகுநாதன் திரையை அவர் பக்கம் திருப்பி, நிதானமாகச் சொன்னார்: "எல்லாம் பச்சையாதானே இருக்கு, பாருங்க."

தேவகி மேடத்தின் எழுத்து

ஸ்டோரில் இருந்த தேவகி மேடத்துக்குச் சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டிருந்தது. திரையைப் போனில் படம் எடுத்து, அதை விரலால் பெரிதாக்கி, பாகத்தின் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு வரிக்கும் இப்படி. ஒரு எண் மாறிப் போனதற்காக எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியதை நானே பார்த்தேன். அன்று சாப்பாட்டு நேரத்தில் அவர் லாகினுக்கு மட்டும் எழுத்தை இரண்டு மடங்காக்கி, வரிகளுக்கு நடுவில் இடம் விட்டுக் கொடுத்தேன். இருபது நிமிட வேலை. அவர் போனைக் கைப்பைக்குள் வைத்தார்.

மறுநாள் செந்தில் அதைக் கவனித்துவிட்டார். எழுதிக் கொடுத்த கோரிக்கை இல்லை, மேலாளர் கையெழுத்து இல்லை, உடனே எடு என்றார். ரகுநாதனின் பச்சைக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. எடுத்துவிட்டேன். பதினோரு மணிக்குத் தேவகி மேடம் போன் செய்தார். "நேத்து ஒரு நாள் கண்ணு நல்லா தெரிஞ்சுது தம்பி, அதுவே போதும்."

ஏழுமலைக்கு இல்லாத பத்தி

ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கள் ஷிப்டையும் விடுப்பையும் போனிலேயே பார்ப்பார்கள். அதே அட்டவணையில் ஒப்பந்தம் முடியும் தேதியும் இருந்தது. ஒருநாள் மனிதவள அதிகாரி போன் செய்து, பன்னிரண்டு பேரின் லாகினில் மட்டும் அந்தப் பத்தி தெரியக்கூடாது என்றார். காரணம் கேட்டேன். பார்த்தால் வேலையில் கவனம் போய்விடும் என்றார். இதற்குக் கோரிக்கையும் கேட்கப்படவில்லை, கையெழுத்தும் கேட்கப்படவில்லை. ஐந்து நிமிடத்தில் மறைத்தேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழுமலை ஒருவர். ஆவடிக்காரர், லேத்தில் வேலை. பாஸ்வேர்டு மறந்துவிட்டு இரண்டு முறை என்னிடம் வந்திருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். முந்தின நாளோடு ஒப்பந்தம் முடிந்ததாகச் சொல்லி, உள்ளே விடவில்லையாம்.

"இன்னா சார், மத்தவங்க போன்ல தேதி கீது. என் போன்ல மட்டும் காணோம். மிஷின் கோளாறா?" என்றார்.

"ஆமாண்ணே," என்றேன். அந்தப் பொய் இன்னும் என் வாயில் இருக்கிறது.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன மாசம் திருமுல்லைவாயல்ல ஒரு கம்பெனிக்குக் கூப்ட்டாங்க சார், இங்க வேலை கீதேன்னு வேணாம்னுட்டேன்."

பதினோரு பேர்

அன்று உள்ளே போனதும், மீதிப் பதினோரு பேருக்கும் அந்தப் பத்தியைத் திரும்பக் காட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. மாலைக்குள் நாலு பேர் வேறு இடத்தில் வேலை கேட்க விடுப்பு எழுதிவிட்டார்கள். மறுநாள் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்தார்கள். ஏழுமலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, உண்மையைச் சொல்ல அவருடைய நம்பர்கூட என்னிடம் இல்லை.

செந்தில் கோபப்படக்கூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அக்கறையாகவே சொன்னார்: "யாருக்கு என்ன தெரியணும்னு முடிவு பண்றதுக்கு உனக்குச் சம்பளம் குடுக்கலப்பா."

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் இணையதளத்துக்கு நாட்காட்டி செய்துகொண்டிருக்கிறேன். அதில் எல்லோருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது, இன்றுவரை.